அழகிய என்னும் அடைமொழி

ஆறாந் தரத்துப் பிள்ளை எழுதும் கட்டுரையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி எழுதும் கட்டுரை வரைக்கும் ஓயாமல் வரும் ஒரு சொல் 'அழகிய'. எங்கள் கிராமம் அழகிய கிராமம். அதன் கிழக்கே அழகிய கடல். கடலோரத்தில் அழகிய பள்ளிவாசல். கொப்பி திருத்தும் தமிழாசிரியர் எவரும் இந்தச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தவர்தான். பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வளர்ந்தவர்களின் கவிதைத் தொகுதிகளைப் புரட்டினாலும் அழகிய நிலவு, அழகிய நினைவுகள், அழகிய அந்த நாட்கள் என்றுதான் வருகிறது. நிலவை அந்தச் சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எடுத்துவிட்டாலும் வரி அப்படியே நிற்கும்.

அந்தச் சொல்லை ஒதுக்கி வைக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தேய்ந்துபோன ஒரு பெயரடை, எந்தப் பெயருக்கு முன்னால் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து எவ்வளவு பாரத்தைச் சுமக்கும் என்பதை, நமக்கு மிக நெருக்கமான ஒரு பிரதியை வைத்துப் பார்க்கலாம் என்பதே நோக்கம். அந்தப் பெயரடையை நாம் அரைகுறையாக வாசித்ததால் நமது எழுத்தில் சில கதைகள் பாதியில் நின்றுபோயிருக்கின்றன என்பதும் எனது அபிப்பிராயம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'அழகிய' என்பது அழகு என்ற பெயரின் அடியாகப் பிறந்த குறிப்புப் பெயரெச்சம். தமிழில் அழகைச் சொல்ல எழில், ஏர், கவின், வனப்பு, முருகு என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டு வனப்புகளைச் சொல்கிறார். அவற்றில் ஒன்றுக்குப் பெயர் அழகு. அங்கே அந்தச் சொல் ஒரு பொருளின் தோற்றத்தைக் குறிக்கவில்லை. செய்யுளுக்குரிய சொற்களைத் தேர்ந்து தொடுக்கும் முறையைக் குறிக்கிறது. கண்ணுக்குத் தெரிவது மட்டும் அழகல்ல, ஒன்றைச் செய்கின்ற விதமும் அழகுதான் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னால் உதவும்.

பக்தி மரபில் இந்த அடை இறைவனின் திருமேனியோடு ஒட்டிக்கொண்டது. திருவரங்கத்து இறைவனுக்கு அழகிய மணவாளன் என்பது பெயராகவே நிலைத்தது. இஸ்லாமியத் தமிழில் அதற்கு இடமில்லை. உருவம் சொல்ல முடியாத இடத்தில் அழகிய என்ற சொல் என்ன செய்யும்? அது பெயர்களுக்கும் செயல்களுக்கும் குடிபெயர்ந்தது. அஸ்மாஉல் ஹுஸ்னா அழகிய திருநாமங்கள் ஆனது. உஸ்வதுன் ஹஸனா அழகிய முன்மாதிரி ஆனது. கர்ழ் ஹஸன் அழகிய கடன் ஆனது. கடனுக்கு அழகிய என்று அடை கொடுப்பது வேறு தமிழருக்குச் சற்று விநோதமாகப் படலாம். ஜும்ஆ பிரசங்கம் கேட்டு வளர்ந்த நமக்கு அது மிகச் சாதாரணம். அறபியில் ஹஸன், ஜமீல் என்று இருவேறு வேர்களிலிருந்து வரும் சொற்கள் இரண்டும் தமிழில் பெரும்பாலும் 'அழகிய', 'அழகான' என்றே பெயர்க்கப்படுகின்றன. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஜமீல் என்பதை.

அதற்கு முன் தேர்ந்த கவிஞர் இந்த வகைப் பெயரடையை எப்படிக் கையாள்வார் என்பதற்குக் கம்பனைக் கொஞ்சம் பார்க்கலாம். உலாவியற் படலத்தில் மிதிலைத் தெருவில் இராமன் போகிறான். அவன் அழகன் என்று கம்பன் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பார்த்த பெண்களைக் காட்டுகிறான். தோளில் விழுந்த கண் தோளைவிட்டு வரவில்லை, தாளில் விழுந்த கண் தாளிலேயே நின்றுவிட்டது, முழு உருவத்தையும் கண்டு முடித்தவர் யாருமில்லை என்கிறான். கங்கைப் படலத்தில் மையா, மரகதமா, கடலா, மேகமா என்று ஒப்புமை தேடிக் களைத்து, 'ஐயோ' என்று கூவிவிடுகிறான். துக்கத்தில் வருகிற சொல் அது. அழகைச் சொல்ல வந்த இடத்தில் அதைப் போட்டான் பாருங்கள். அழகைக் கண்டவருக்கு என்ன நடந்தது என்று சொல்வதே அழகைச் சொல்லும் வழி என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது ஸூரா யூஸுபுக்கு வருவோம். யூஸுப் (அலை) அவர்களின் பேரழகை அறியாதவர் நம்மில் யாருமில்லை. பிள்ளைக்கு யூஸுப் என்று பெயர் வைக்கும்போதே அந்த நினைப்பும் கூட வரும். ஆனால் அந்த அத்தியாயத்தின் 111 வசனங்களையும் வடிவாகப் பாருங்கள். யூஸுப் அழகானவர் என்று ஓரிடத்திலும் நேரே சொல்லப்படவில்லை. அவரது முகத்துக்கு ஒரு பெயரடையும் கிடையாது. நகரத்துப் பெண்கள் அவரைக் கண்டதும் கையை அறுத்துக்கொள்கிறார்கள், இவர் மனிதரே அல்லர், கண்ணியமான ஒரு மலக்கு என்கிறார்கள் (12:31). அவ்வளவுதான். அவர்கள் வாயில் வரும் பெயரடையும் கண்ணியத்தைச் சொல்வதே.

அப்படியென்றால் அந்த அத்தியாயத்தில் ஜமீல் என்ற சொல் வரவே இல்லையா? வருகிறது, இரண்டு தடவை. இரண்டு தடவையும் வருவது மகனின் முகத்தோடு அல்ல, தகப்பனின் பொறுமையோடு. ஸப்ருன் ஜமீல், அழகிய பொறுமை (12:18, 12:83). அழகனின் கதையில் அழகிய என்ற அடை கிழவரான தந்தையின் பக்கம் போய் நிற்கிறது. ஒரு பெயரடையை வைப்பதில் இதைவிட நுட்பமான இடத்தேர்வை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலில் அது வருகிற இடத்தைக் கவனிக்க வேண்டும். சகோதரர்கள் யூஸுபைக் கிணற்றில் போட்டுவிட்டு இரவில் அழுதுகொண்டு வருகிறார்கள். ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். சட்டையில் இரத்தத்தைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த இரத்தத்துக்கும் ஓர் அடை உண்டு: பொய் இரத்தம். அறபியில் பொய்யான என்றுகூட இல்லை, பொய் என்ற பெயரே அடையாக நிற்கிறது, நமது பண்புத்தொகை மாதிரி. ஆக ஒரே வசனத்தில் இரண்டு அடைகள். பிள்ளைகள் கொண்டுவந்த பொய் இரத்தம், தகப்பன் கைக்கொண்ட அழகிய பொறுமை. இரண்டுக்கும் நடுவில் தகப்பன் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது. இல்லை, உங்கள் மனம் உங்களுக்கு ஒரு காரியத்தை அலங்கரித்துக் காட்டிவிட்டது என்ற கருத்தில் அவர் பேசுகிறார். பொய்யைப் பொய் என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் பொறுமை வருகிறது. இந்த வரிசை முக்கியமானது.

அழகிய பொறுமை என்றால் அழாமல் இருப்பது என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அடுத்த இடம் பதில் சொல்கிறது. இரண்டாவது மகனும் எகிப்தில் தடுத்துவைக்கப்பட்ட செய்தி வருகிறது. யஃகூப் (அலை) மறுபடியும் அதே சொல்லைச் சொல்கிறார். அதற்கு அடுத்த வசனத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு யூஸுபுக்காகப் புலம்புகிறார். துக்கத்தால் அவரது கண்கள் வெளுத்துப்போகின்றன (12:84). ஆகவே கண் பார்வை போகுமளவு அழுவது அந்த அடைமொழிக்கு முரண் இல்லை. பிள்ளைகள் சொல்கிறார்கள், நீங்கள் யூஸுபையே நினைத்து நினைத்து அழிந்துபோகப் போகிறீர்கள் என்று (12:85). போதும் நிறுத்துங்கள் என்று அதற்கு அர்த்தம். யார் இதைச் சொல்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அந்தத் துக்கத்தை உண்டாக்கியவர்களேதான். தகப்பனோ, எனது கவலையை நான் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்கிறார். அதோடு நிற்கவுமில்லை. போய் யூஸுபையும் அவரது சகோதரரையும் தேடுங்கள், நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று அவர்களை அனுப்புகிறார் (12:87). பொய்யைப் பெயர் சொல்லுதல், அழுதல், இறைவனிடம் முறையிடுதல், தேடுதல். இந்த நான்கும் சேர்ந்த ஒன்றுக்குத்தான் அந்த அத்தியாயம் அழகிய என்ற அடையைக் கொடுத்திருக்கிறது.

அல்குர்ஆன் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் ஜமீல் என்ற பெயரடை ஏழு இடங்களில்தான் வருகிறது. பொறுமையோடு மூன்று (12:18, 12:83, 70:5). மன்னிப்போடு ஒன்று (15:85). மனைவியை விடுவித்தலோடு இரண்டு (33:28, 33:49). விலகிப் போதலோடு ஒன்று (73:10). ஏழில் ஒன்றுகூட முகத்தோடோ நிலத்தோடோ சேரவில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஏழும் உறவு முறிகிற அல்லது மனம் காயப்படுகிற நேரங்கள். இழப்பு, அவமதிப்பு, மணமுறிவு, பகை. எங்கே மனிதர் அசிங்கமாக நடந்துகொள்வது சுலபமோ அங்கேதான் இந்தச் சொல் வந்து நிற்கிறது.

இந்த அடை அங்கே என்ன வேலை செய்கிறது என்பதற்கு இப்னு தைமிய்யா தரும் விளக்கம் ஓர் இலக்கண ஆசிரியரின் விளக்கம் போல இருக்கும். அழகிய பொறுமை என்பது முறைப்பாடு இல்லாத பொறுமை. அழகிய மன்னிப்பு என்பது குத்திக்காட்டல் இல்லாத மன்னிப்பு. அழகிய விலகல் என்பது நோவினை இல்லாத விலகல். இறைவனிடம் முறையிடுவது இதற்கு முரணாகாது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார், யஃகூப் நபியையே சான்றாக வைத்து. பெயரடை ஒரு பெயருக்கு எதையோ கூட்டும் என்றுதான் நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். இங்கே அது கழிக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுகிறோமே, அந்தச் சொல்லிக்காட்டலைக் கழித்தால் மிஞ்சுவதற்குப் பெயர் அழகிய மன்னிப்பு. விடுவித்தலுக்கும் இதையே நீட்டிப் பார்க்கலாம். அந்த இரண்டு வசனங்களிலும் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தல் முன்னால் வருகிறது, அழகிய என்ற அடை பின்னால்தான் வருகிறது. காதி நீதிமன்ற விறாந்தையில் மாதக்கணக்காக நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதுகிற எழுத்தாளருக்கு இந்த வரிசை ஒன்றே போதும்.

பிற்காலத்தில் கவிஞர்கள் இந்தக் கதையை எடுத்து என்ன செய்தார்கள்? 15ஆம் நூற்றாண்டில் ஹெராத் நகரத்தில் வாழ்ந்த ஜாமி பாரசீகத்தில் பாடிய காவியம் யூஸுபையும் ஸுலைகாவையும் பற்றியது. தமிழில் சாரணபாஸ்கரன் பாடிய காப்பியத்தின் பெயரும் யூசுப் ஜுலைகா. அந்தப் பெண்ணின் பெயர் அல்குர்ஆனில் இல்லை, அஸீஸின் மனைவி என்றே வருகிறது. காவியத்தில் அவள் தலைப்புக்கே வந்துவிட்டாள். அதில் தப்பில்லை. காதலின் வழியே இறைகாதலைப் பேசுவது ஸூபிக் கவிஞர்களின் பாதை, அதன் பெறுமதி வேறு. ஆனால் தலைப்பு மாறும்போது கதையின் மையமும் நகர்கிறது. காதலர் இருவர் நடுவுக்கு வந்தவுடன் கண் வெளுத்த தகப்பன் ஓரத்துக்குப் போகிறார். அழகும் பொறுமையை விட்டு முகத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. கதை கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு யூஸுப் என்றதும் முகம் ஞாபகம் வருவதும், பொறுமை என்றதும் ஐயூப் நபி மட்டும் ஞாபகம் வருவதும் இதனால்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆனாலும் நமது பேச்சுமொழி அந்தப் பழைய அர்த்தத்தைத் தொலைக்கவில்லை. மேலே 'வடிவாகப் பாருங்கள்' என்று எழுதினேன். இலங்கை வாசகர் எவரும் அந்த இடத்தில் தடுக்கியிருக்க மாட்டார். நமக்கு வடிவு என்றால் அழகு. "வடிவான புள்ள" என்போம். அதே வாயால் "வடிவாச் சொல்லுங்க மகன்", "வடிவாக் கேட்டுட்டு வாங்க" என்றும் சொல்வோம். அங்கே வடிவு என்பதற்குத் தெளிவாக, கவனமாக, ஒழுங்காக என்று பொருள். அழகாயிருப்பதும் ஒன்றைச் சரிவரச் செய்வதும் நம் உம்மாமார் வாயில் ஒரே சொல். தொல்காப்பியர் அழகு என்று பெயரிட்ட தொடுக்கும் முறைக்கும், ஸப்ருன் ஜமீலுக்கும் இந்த 'வடிவு' பக்கத்து வீடு. அழகிய பொறுமையை 'வடிவான பொறுமை' என்று ஒரு மூதாட்டிக்குச் சொல்லிப் பாருங்கள். அரைகுறையில்லாத, ஒழுங்கான பொறுமை என்று உடனே விளங்கிக்கொள்வார்.

இனி நமது எழுத்துக்கு வருகிறேன். நமது சிறுகதைகளில் அடிக்கடி வரும் ஒரு காட்சி உண்டு. இழந்தவர் ஒருவர் இருப்பார். ஊர்ப் பெரியவர் ஒருவர் வருவார். "என்ன செய்யிற, அல்லாஹ்ட நாட்டம். ஸப்ரு செய்யுங்க" என்பார். இழந்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கதை முடிந்துவிடும். மையத்து வீட்டில் ஆறுதலாகச் சொல்லப்படும் அந்த வார்த்தையின் அன்பை நான் மறுக்கவில்லை. ஒரு கதை அங்கே முடிந்துவிடலாமா என்பதுதான் கேள்வி. யஃகூப் நபியின் கதை அந்தச் சொல்லோடு முடியவில்லை. 18ஆம் வசனத்தில் அந்தச் சொல் வந்த பிறகும் தொண்ணூற்று மூன்று வசனங்கள் இருக்கின்றன.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அந்த வாழ்வைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பொறுமையைப் புகழும் வரிகள் ஏராளம். இன்ன வீடு, இன்ன தெரு, இன்ன கிணறு, இன்ன நாளில் இன்ன மணித்தியாலத்துக்குள் போகச் சொன்னார்கள் என்று பெயர் சொல்லும் எழுத்து அந்த அளவுக்கு இல்லை. 2020இல் கொவிட் நோயால் இறந்தவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோதும் பொறுமை பற்றிய கவிதைகள் குவிந்தன. அந்த நாட்களில் பொரளை கனத்தை மயான வேலியில் கபனை நினைவூட்டும் வெள்ளைத் துணித் துண்டுகளை மக்கள் கட்டினார்கள், வேறு சமூகத்தவரும் சேர்ந்து. கத்தவில்லை, கல்லெறியவில்லை. ஆனால் நடப்பது நியாயமில்லை என்று வேலியிலேயே எழுதினாற்போல இருந்தது. அழகிய பொறுமைக்கு அண்மைக் காலத்தில் நமக்குக் கிடைத்த உதாரணம் அதுதான் என்பேன். நாம் எழுதிய கவிதைகளைவிட அந்தத் துணித் துண்டு அந்தச் சொல்லை நன்றாக விளங்கியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். முறைப்பாடு இல்லாததே அழகிய பொறுமை என்றால், நடந்ததை எழுதி ஊருக்குச் சொல்வது மனிதரிடம் முறையிடுவது ஆகாதா? நியாயமான கேள்வி. சாட்சி சொல்வதும் முறைப்பாடு செய்வதும் ஒன்றல்ல என்பது எனது விடை. முறைப்பாடு தன்னைச் சுற்றியே திரியும். சாட்சியம் நடந்ததைச் சுற்றி நிற்கும். யஃகூப் நபி பிள்ளைகளிடம் தனது வேதனையைச் சொல்லிப் பரிதாபம் தேடவில்லை. நீங்கள் கொண்டுவந்தது உண்மையல்ல என்பதை மட்டும் சொன்னார். நல்ல புனைகதையும் இதைத்தான் செய்கிறது. பாத்திரத்துக்காக வாசகனிடம் கண்ணீர் யாசிக்கும் கதை முறைப்பாடு. சட்டையில் இருப்பது பொய் இரத்தம் என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கதை சாட்சியம்.

எழுத வரும் இளையவர்கள் இந்தச் சொல்லைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அழகிய என்று பேனா எழுதப் போகும்போது, இந்தப் பெயரிலிருந்து இது எதைக் கழிக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நிலவிலிருந்து அது எதையும் கழிக்கவில்லை, ஆகவே அங்கே தேவையில்லை. ஒரு தாயின் மௌனத்துக்கு முன்னால் வைக்க நினைத்தால், அந்த மௌனத்திலிருந்து பயத்தைக் கழித்துவிட்டோமா, அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாளா என்று பார்க்க வேண்டும். சொல்லி முடிக்கவில்லை என்றால் அது அழகிய பொறுமை அல்ல, வாயடைப்பு. அவளைப் பேச விட்டு இன்னும் இரண்டு பக்கம் எழுதுங்கள். வடிவாகப் பார்த்து எழுதினால் பெயரடை வரவேண்டிய இடத்துக்குத் தானாக வந்துவிடும்.